போர்டு இல்லாமல் பாடிய பெட்டி

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதியில் உங்கள் பார்வை மாறும், எனக்கு அது பழகிப்போன பார்வைதான், அதற்காகக் கோபிக்க மாட்டேன், கோபிக்கிற தெம்பும் இப்போது இல்லை. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் முப்பது வருஷம் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன் நான். ரேடியோ தானாகப் பேசுகிறது, அணைத்த பிறகும் யாரோ அழுகிறார்கள் என்று கொண்டுவந்து கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். திறந்து பார்த்தால் கரப்பான் செத்துக் கிடக்கும், இல்லையென்றால் ஈயம் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருக்கும். ஒரு குடும்பம் செத்துப்போன பெரியப்பா உள்ளே இருக்கிறார் என்று சூடம் காட்டி எடுத்து வந்தது, உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. சாமி கும்பிடுவேன், அது வேறு. பெட்டிக்குள் இருப்பது கம்பியும் கரண்டும் மட்டும்தான் என்று நினைத்தே காலத்தை ஓட்டினேன், இந்த ஒரு பெட்டி வரும் வரைக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, தேயிலைத் தோட்டங்களில் இந்தியப் பாஸ்போர்ட் வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கோச்சி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் அந்தக் கோச்சி புறப்படும்போது எழும் அழுகை என் கடை வரை கேட்கும். முதல் வருஷம் எழுந்து போய்ப் பார்த்தேன், பிறகு பழகிவிட்டது, ஈயக்கோலைக் கீழே வைக்காமலே வேலை செய்தேன்.

சவரிமுத்து மாஸ்டர் அப்போதுதான் வந்தார். திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், தோட்டத்து மாதா கோயிலில் பாட்டுக் குழுவையும் நடத்துகிறவர். ஒரு லொறியிலிருந்து சாக்குச் சுற்றிய நீளமான பெட்டி ஒன்றை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சிந்தசைசர் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். ஆர்மோனியம் மாதிரி கட்டைகள் இருக்கும், ஆனால் துருத்தி கிடையாது, கம்பி கிடையாது, கரண்டிலிருந்தே சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும், மேலே இருபது முப்பது குமிழ்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த குழு கலைந்துபோனபோது அவர்கள் விற்ற ஜப்பான் பெட்டி. பழசு.

"பாஸ், சுருதி எறங்குதுங்க," என்றார் மாஸ்டர். கைவேலைக்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி என்ற அர்த்தத்தில் இல்லை. "ஒரு பாட்டு ஆரம்பிச்சி முடிக்கிறதுக்குள்ள கெணத்துல எறங்குன மாதிரி எறங்கிப் போயிருது. தொடாத கட்டயெல்லாம் சத்தம் போடுது. ஞாயித்துக் கெழம பூசைக்கு வேணுங்க."

"மூணு நாளுல முடியாதுங்க மாஸ்டர். விட்டுட்டுப் போங்க, பாக்குறேன்."

"முடியணும் பாஸ். சாமியாரு மாசத்துக்கு ஒரு தடவதான் நம்ம தோட்டத்துக்கு வருவாரு. பாட்டுல இருக்க பதினாறு பேருல ஒம்பது பேரு திங்கக் கெழம கோச்சிக்கு. இந்தப் பூசதான் கடசி."

நான் பெட்டியைத் திறந்தேன். கடையில் அது சாதுப் பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன், சுருதி இம்மிகூட நகரவில்லை, தொடாத கட்டை எதுவும் வாய் திறக்கவில்லை. இந்த மாதிரி வியாதிதான் திருத்துகிறவனின் உயிரை எடுக்கும். வைத்தியரிடம் வந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற ஆளை என்ன செய்வீர்கள்? தோட்டத்துக் கரண்டில்தான் கோளாறு என்று முடிவு செய்து, சனிக்கிழமை பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டி, சாமான் பையோடு நானும் ஏறினேன். அதற்கு முந்தின இரண்டு இரவும் ஒரு கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்காகக் கண்விழித்திருந்தேன். பஸ்ஸில் நின்றபடியே தூங்கினேன்.

கோயில் ஒரு சரிவில் இருந்தது, தகரக் கூரை, அதற்கு மேலே ஸ்டோரு. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோரு என்போம். கோயிலுக்கு வெளிச்சம் ஸ்டோரிலிருந்து ஒரு கம்பி வழியாக வந்தது. போய் உட்கார்ந்த அரை மணிக்குள் பாதி வியாதி பிடிபட்டுவிட்டது. மேலே கொழுந்து அரைக்கிற ரோலர் ஓடத் தொடங்கினால் கோயில் பல்பு மங்கும், பல்பு மங்கினால் பெட்டியின் சுருதி இறங்கும். உள்ளே கரண்டைச் சமப்படுத்துகிற டிரான்சிஸ்டர் ஒன்று கெட்டிருந்தது, கையில் இருந்ததில் ஒன்றை மாற்றினேன். மிச்சம் ஈரம். கதவைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து பீடம் வரை போகிற கோயில் அது. சத்தத்தையே உண்டாக்குகிற ஒரு போர்டு உள்ளே இருந்தது, இரண்டு உள்ளங்கை அகலம், அதைச் செருகி வைக்கிற பற்களில் பச்சை பூத்திருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நன்றாகக் காய்ந்தாலொழிய திரும்பப் போட முடியாது.

எங்கள் பக்கம் எது ஈரமானாலும் ஸ்டோருக்குத்தான் போகும். பிள்ளைகளின் பாடப்புத்தகம், கம்பளிச் சட்டை, தீப்பெட்டி, எல்லாமே தூள் காய்ச்சுகிற அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் திண்டில் கிடந்து காயும். கொழும்பில் வேலை பழகிய எவனும் ஒரு மின்சாரப் போர்டை அப்படிச் செய்யமாட்டான். நான் செய்தேன். அடுப்படியில் நின்ற ராமையாவிடம் போர்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்து, விடியுமுன் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பனி உள்ளே போகாமல் இருக்கப் பெட்டியின் மூடியை எட்டு ஆணியும் போட்டு முறுக்கி, மேலே சாக்கைப் போர்த்தினேன். போர்டு வெளியே இருப்பதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. ஆகவே, இதைக் கவனியுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெட்டிக்குள் சத்தத்துக்கு வழியே இல்லை. தொண்டையை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றைக்கு மாஸ்டர் வீட்டில்தான் தங்கினேன். மாஸ்டரின் மனைவி ஞானம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார். சுவரில் ஒரு பெண்ணின் கல்யாணப் படம் இருந்தது. ஒரே மகள், பிலோமினா.

"அவ இருந்தா இந்தப் பொட்டியே தேவப்படாதுங்க பாஸ்," என்றார் மாஸ்டர். "கோயில்ல நிப்பா, மேல ஸ்டோருல கொழுந்து வாட்டுற காத்தாடி ஊங்குன்னு ஓடும் பாருங்க, அத ஒரு நிமிசம் காது குடுத்துக் கேப்பா. அப்பறம் அதுலேர்ந்து புடிச்சி 'ஆ'ன்னு ஒண்ணு குடுப்பா. அவ்வளவுதான், பதினாறு பேரும் அதுல போயி ஒக்காந்துருவாங்க. அவ போனதுலேர்ந்து ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்குறாங்க."

மருமகன் வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போர்ட், அவள் அவர்களோடு போய்விட்டாள். மாஸ்டருக்கும் மனைவிக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை எழுதிவிட்டார்கள். ஒரே வீட்டை நடுவில் வெட்டின மாதிரிதான் அப்போது எல்லாக் குடும்பமும். மண்டபம் முகாமில் இருப்பதாக ஒரு கடிதம் வந்திருந்தது, அதன்பிறகு எட்டு மாதமாக ஒன்றும் இல்லை.

என் கோப்பையை எடுக்க வந்த ஞானம்மா நின்றுகொண்டே சொன்னார்: "மொகம் மறக்காதுங்க பாஸ், படம் இருக்கு. கொரலு மறந்துருமோன்னுதான் பயமா இருக்கு. இப்பவே பாதி நாளு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

கடிதம் வருங்க அம்மா என்றேன்.

காலையில் நான் எழும்பவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு இரவுத் தூக்கம் பாக்கி வைத்திருந்தவன் செத்த மாதிரிக் கிடந்தேன். சாமியாருக்கு அன்று வேறு ஒரு தோட்டத்திலும் பூசை இருந்ததாம், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பாவம் தூங்கட்டும் என்று என்னை எழுப்பாமல் வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் பீலித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கோயிலிலிருந்து சத்தம் வந்தது. பெட்டிதான். நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் நினைக்கவில்லை. அரைத் தூக்கம், அத்தோடு வேலை செய்கிற பெட்டியின் சத்தம் காதில் விழுந்தால் திருத்துகிறவனுக்கு வேறு யோசனை வராது. ஆ, சரியாகிவிட்டது என்ற நிம்மதி மட்டும்தான். போர்டு என் மண்டையிலேயே இல்லை.

கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தேன். மாஸ்டர் ஒரு கையால் மெதுவாக வாசித்தார். முந்தின நாள் எனக்குத் தெரிந்த இரைச்சல் சத்தம் இல்லை அது. கொஞ்சம் காற்றுக் கலந்த சத்தம், ஒரு ஆள் மெதுவாக வாய் திறக்கிற மாதிரி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், மாஸ்டர் கட்டையைத் தொடுவதற்கு ஒரு நொடி முந்தியே அது ஆரம்பித்தது, நீளமாக ஒரே சுருதி, பதினாறு பேரும் போய் அதில் உட்கார்ந்தார்கள். நான் ஏதோ அப்படிச் செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து மாஸ்டர் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவ்வளவு பெரிய மடையன் நான்.

பாட்டு நன்றாக இருந்தது. அதை நான் சொல்லியாக வேண்டும். அடுத்த நாள் கப்பலுக்குப் போகிற ஒன்பது பேரும் மிச்சம் நிற்கப்போகிற ஏழு பேரும் ஒரே ஆளாகப் பாடினார்கள். பெண்கள் பக்கத்தில் ஞானம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டார். பீடத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. பூசை முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "புள்ளைதாங்க சுருதி குடுத்துச்சி," என்றார். சந்தோஷத்தில் பேசுகிறார் என்று நான் சிரித்து வைத்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகு ராமையா வந்தான். வேலைக் காற்சட்டையோடு கோயிலுக்குள் வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றான். கையில் பத்திரிகைப் பொட்டலம்.

"என்னாங்க பாஸ், விடியிறதுக்கு முந்தியே வந்து எடுத்துக்கிறேன்னீங்க. பாத்துப் பாத்து இருந்துட்டு நானே எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நல்லா காஞ்சிருச்சி."

பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன், போர்டுதான். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்த தடம் பற்களில் அப்படியே இருந்தது. வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். ராமையா பொட்டலத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் படிப்பு இல்லை, ஆனால் கேட்க வேண்டியதைத்தான் கேட்டான்.

"அப்ப இப்ப பாடுனது என்னாங்க?"

எட்டு ஆணியையும் கழற்றினேன். ஒன்றும் அசைந்திருக்கவில்லை, நான் முறுக்கிய முறுக்கு அப்படியே இருந்தது. உள்ளே போர்டு இருக்க வேண்டிய இடம் காலி. வேறு ஏதாவது வழியில் சத்தம் வந்திருக்குமா என்று அன்றைக்கும் பார்த்தேன், அதன்பிறகு நாற்பது வருஷமாக மனதுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரண்ட் இரைச்சல் வரலாம். கட்டைக்குக் கட்டை சுருதி வராது. வராது என்றால் வராது.

"மாஸ்டருகிட்ட சொல்லாத ராமையா," என்றேன். போர்டைப் போட்டு மூடினேன். அதன்பிறகு கட்டையை அழுத்தியபோது பழைய இரைச்சல் சத்தம் வந்தது, சுருதி சுத்தமாக நின்றது. திருத்தம் என்று பார்த்தால் நல்ல திருத்தம்.

திங்கட்கிழமை அந்த ஒன்பது பேரும் கோச்சி ஏறினார்கள். மூன்று வாரம் கழித்து மாஸ்டர் பெட்டியோடு மறுபடி கடைக்கு வந்தார், அவர் முகம் மலர்ந்திருந்தது.

"கடுதாசி வந்துருச்சி பாஸ். நீலகிரிப் பக்கம் தேயிலத் தோட்டத்துல வேல குடுத்துருக்காங்களாம். மாப்பிள்ளைக்கு ரொம்ப சொகமில்லாம இருந்துச்சாம், அதான் எழுதலயாம். கொழந்த பொறந்திருக்கு." கடிதத்தை நின்றபடியே வாசித்துக் காட்டினார். நடுவில் ஓர் இடம் வந்தது, அதையும் மற்றதைப் போலவே வாசித்தார். ஒரு ஞாயிறு அங்கே கோயிலில் சுருதி கொடுக்கச் சொன்னார்களாம், வாயைத் திறந்தாளாம், காற்றுதான் வந்ததாம். பேச்சு வருகிறதாம், பாட்டு மட்டும் வரவில்லையாம், அன்றையிலிருந்து இன்றுவரை. எந்த ஞாயிறு என்றும் எழுதியிருந்தாள். நான் மறுபடி ஒரு தரம் கேட்டுக்கொண்டேன். அதே ஞாயிறு.

"அங்க குளிரு ஜாஸ்தி, தொண்ட கட்டியிருக்கும்," என்றார் மாஸ்டர். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, அவருக்கு அது போதும். "பொட்டிதான் பாஸ், அன்னிக்கி வந்த மாதிரி இப்ப வரலன்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு. பாத்து வைங்க." வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது நாள் ஞானம்மா தனியாக வந்தார். ஹட்டனுக்குத் தனியாக வருகிற ஆளே இல்லை அவர். கடையில் வேறு யாரும் இல்லை, மத்தியானம் நெருங்கியிருந்தது.

"பாஸ், நீங்க அன்னிக்கி அதுல என்னமோ செஞ்சி வச்சிருந்தீங்க. அத மறுபடி செய்ங்க. ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போயிர்றேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் இப்போது சுலபமாகச் சொல்லலாம். அந்தக் கடிதத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் முடிச்சுப் போடுவது பைத்தியக்காரத்தனம் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. போர்டைக் கழற்றினால் ஒன்றும் வராது, வராது என்று காட்டிவிட்டால் அவருக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி என்று நினைத்தேன். கடைப் பலகையில் பாதியை மூடிவிட்டு, ஆணிகளைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். கட்டையை நான் தொடவே இல்லை.

வந்தது. அந்தக் காற்றுக் கலந்த 'ஆ', சுருதி கொடுக்கிற மாதிரி, கொஞ்சம் தயங்கி, பிறகு ஒரே சுருதியில் நிலைத்து.

ஞானம்மா பெட்டியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டைகளின் மேல் கையை வைக்கவில்லை, மரச் சட்டத்தின் மேல் வைத்தார், பிள்ளையின் முதுகில் வைக்கிற மாதிரி. குனிந்து ஏதோ பேசத் தொடங்கினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பயம் ஒரு பக்கம், மற்றவர் வீட்டு அந்தரங்கத்தை ஒட்டுக்கேட்கிற கூச்சம் ஒரு பக்கம், கடை வாசலில் போய் ரோட்டைப் பார்த்து நின்றேன். மணிக்கூட்டைப் பார்த்தேன், பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பின்னால் அவர் பேச்சு முணுமுணுப்பாகக் கேட்டது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. அந்தச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது, போகப் போக மெலிந்தது.

பிறகு அவரே கூப்பிட்டார். "நிப்பாட்டுங்க பாஸ். போதும். புள்ளைக்கி மூச்சு வாங்கும்."

நிறுத்தினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாங்கின சாமான் பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அவ்வளவு லேசாக நடந்து போன ஞானம்மாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த கடிதத்தையும் மாஸ்டர்தான் கொண்டுவந்தார். இந்தத் தடவை அவருக்கு முகம் சரியில்லை. மகளுக்கு ஏதோ வியாதி என்று பயந்து என்னிடம் யோசனை கேட்க வந்தார். மத்தியானக் கொழுந்து நிறுவையில் அவள் பேரைக் கூப்பிட்டார்களாம். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாளாம், பேச்சு வரவில்லையாம். கையைத் தூக்கிக் காட்டியும் கணக்கப்பிள்ளை பார்க்கவில்லை, அவள் எடுத்த கொழுந்தை வேறு ஒருத்தி பேரில் எழுதிவிட்டான். மறுநாள் காலை வரை ஊமைதான். குழந்தை அழுதபோது ஆராரோ என்றுகூடச் சொல்ல முடியவில்லையாம். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஞானம்மா கடைக்கு வந்த அதே நாள்.

அன்றைக்கே போர்டை அதன் இடத்தில் வைத்து, பல்லுக்குப் பல் ஈயம் விட்டு ஒட்டிவிட்டேன். யாரும் சுலபமாகக் கழற்ற முடியாது.

பெட்டி கடையிலேயே இருந்தது, மாதம் திரும்பியதும் ஞானம்மா வந்தார். இன்னொரு தடவை என்றார். அதற்குள் இருந்த ஒரு பார்ட் எரிந்துபோய்விட்டது, இனி அந்தச் சத்தம் வராது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பொய் சொல்றீங்க பாஸ்," என்றார். சத்தம் போடவில்லை. "ஒரு நிமிசம் கேட்டா ஒங்களுக்கு என்னா கொறஞ்சி போயிரும்?"

எப்படிச் சொல்வேன்? உங்கள் ஆசைக்காக உங்கள் பிள்ளையின் வாய் அடைத்துப் போகிறது என்று ஒரு தாயிடம் சொல்கிற துணிவு எனக்கு இல்லை. சொன்னால் முதல் இரண்டு தடவைக்கும் சேர்த்துத் தன்னையே நொந்துகொண்டு சாவார். அதைவிட என்னைத் திட்டிக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகும் நாலைந்து தடவை வந்தார். கடைசியாக வந்தபோது கேட்கக்கூட இல்லை, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். கப்பல் நின்றுவிட்டது, நாட்டில் நிலைமையும் மாறிப்போயிற்று, மகள் வரவும் இல்லை, இவர் போகவும் இல்லை. சில வருஷங்களில் நெஞ்சு வலியில் செத்துப்போனார். சாவீட்டுக்குப் போனேன், வாசலோடு திரும்பிவிட்டேன். பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அவரும் இப்போது இல்லை.

பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. பழைய சிந்தசைசருக்கு இப்போது ஏக கிராக்கி என்று சொல்லிக் கொழும்பிலிருந்துகூட ஆள் வந்தார்கள், நான் கொடுக்கவில்லை. வாங்குகிறவன் முதல் வேலையாகத் திறந்துதான் பார்ப்பான்.

பிலோமினா இருக்கிறாள். அறுபது தாண்டிவிட்டது, பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டாள், அங்கேயேதான். போன் வந்த பிறகு நம்பர் தேடி வாங்கி மாதம் ஒரு தரம் நான் கூப்பிடுவேன். பேசுகிறாளா என்று பார்க்கத்தான், வேறு ஒன்றுமில்லை. அவள் அப்பாவின் சிநேகிதர் என்று என்னிடம் மரியாதையாகப் பேசுவாள். பாட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை போனதுதான், திரும்பி வரவே இல்லை. பேச்சு இருக்கிறதே, அதையாவது நான் காப்பாற்றினேன் என்று இவ்வளவு காலமும் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கூப்பிட்டபோது ஏதோ பேச்சுவாக்கில் அவளே அதை எடுத்தாள்.

"அண்ணே, எனக்கு அப்ப ஒரு நாளு நிறுவையில பேச்சு நின்னு போச்சில்ல, அப்பா சொல்லிருப்பாரே. அத நான் யாருகிட்டயும் முழுசா சொன்னதில்ல. சொன்னா சிரிப்பாங்க. அன்னிக்கி எங்கம்மா பேசுனாங்கண்ணே. காதுக்குக் கிட்ட. சாப்டியாடின்னு கேட்டாங்க. கொழந்த யாரு சாயல்னு கேட்டாங்க. அங்க குளிருக்குக் கம்பளி இருக்கான்னு கேட்டாங்க. பதில் சொல்லணும்னு வாயத் தொறக்குறேன், வரமாட்டேங்குது. முதுகுல கை வச்ச மாதிரி இருந்துச்சி. அப்பறம் போயிட்டாங்க."

லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன்.

"அம்மாவ நான் கடசியா கேட்டது அதான்ணே. ஊருல எல்லாரும் பேச்சு திரும்ப வந்துச்சேன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தச் சொன்னாங்க. நான் எதுக்கு ஏத்துனேன் தெரியுமா? இன்னொரு தடவ பேச்சு போகணும்னு ஏத்துனேன். அடியோட போனாலும் பரவால்ல, அம்மா வந்து பேசுனா போதும்னு இருந்துச்சி. எத்தனையோ வருசம் மத்தியான நிறுவைக்கி நிக்கிறப்பல்லாம் காதக் குடுத்துக்கிட்டு நின்னேன். வரவே இல்லண்ணே. ஏன் வராமப் போனாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியல."

லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இந்த மாதம் நான் கூப்பிடவில்லை. அவளே இரண்டு தரம் கூப்பிட்டாள், அடித்து ஓயும் வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.